'வில்' வேண்டாத இடம்

திருச்சி டவுன் பஸ்ஸில் ஊருக்குப் புதியவர் ஒருவர் ஏறுகிறார். "அண்ணே, பாலக்கரை வந்ததும் சொல்லுங்க" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு உட்காருகிறார். பாலக்கரை இன்னும் வரவில்லை. ஆனாலும் அவர் வாயில் வந்தது 'வந்த' என்னும் இறந்தகால வடிவம். கண்டக்டரும் குழம்பவில்லை, பக்கத்தில் இருப்பவரும் திருத்தவில்லை. இதே ஆளை ஒரு நேர்முகத் தேர்வில் உட்கார வைத்து இதே செய்தியை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால், 'வென் த பஸ் வில் ரீச் பாலக்கரை, ப்ளீஸ் டெல் மி' என்று சொல்ல வாய்ப்பு அதிகம். அது பிழை. 'வென் த பஸ் ரீச்சஸ் பாலக்கரை' என்பதே சரி. நடக்கப்போவதை நிகழ்கால வடிவத்தில் சொல்ல வேண்டும் என்கிறது ஆங்கில இலக்கணம். எதிர்காலத்துக்கென்று 'வில்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு, எதிர்காலம் பேசும் இடத்திலேயே அதை ஒதுக்கச் சொல்வது என்ன நியாயம் என்று மாணவருக்குத் தோன்றுவது இயல்பு. பல வகுப்பறைகளில் அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் 'ரூல் அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கோ' என்பது. மனப்பாடத்தைவிட நல்ல பதில் ஒன்று உண்டு. அது அந்தப் பஸ் பயணியின் தமிழ் வாக்கியத்திலேயே இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் விதியைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். வென், ஆஃப்டர், பிஃபோர், அன்டில், ஆஸ் சூன் ஆஸ், வைல், ஒன்ஸ், பை த டைம் போன்ற சொற்கள் ஒரு செயலின் நேரத்தை இன்னொரு செயலோடு முடிச்சுப் போடுபவை. இவற்றுக்குப் பின்னால் வரும் பகுதி எதிர்காலத்தைப் பற்றியதாக இருந்தாலும், அங்கே 'வில்' வராது. நிகழ்கால வடிவம்தான் வரும். 'இஃப்' என்று தொடங்கும் நிபந்தனைக்கும் இதுவே வழக்கம். வாக்கியத்தின் மறுபாதியில் 'வில்' தாராளமாக வரலாம்: 'வென் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்'. இது மறைத்து வைக்கப்பட்ட ரகசியம் அல்ல. 1930களில் வெளிவந்து இன்றுவரை நம் வீடுகளில் இருக்கும் ரென் அண்டு மார்ட்டின் இலக்கணத்திலேயே உள்ளது. திருச்சி ஆங்கிலக் கல்விக்குப் புதிய ஊரும் அல்ல. 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய புனித வளனார் கல்லூரி 1883-இல் இங்கே வந்தது. 1919-இல் நேஷனல் கல்லூரி, 1923-இல் ஹோலி கிராஸ், 1951-இல் ஜமால் முகமது என்று வரிசை நீள்கிறது. இத்தனை தலைமுறை ஆங்கிலம் படித்த ஊரிலும் 'வென் ஹி வில் கம்' நாக்கை விட்டுப் போகவில்லை என்றால், பாடவேளை போதவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. விதி சொல்லப்பட்டது, காரணம் சொல்லப்படவில்லை.

'தாய்மொழியில் யோசிப்பதால் வரும் பிழை' என்று பலர் இதற்கு ஒரு காரணம் சொல்வார்கள். அதைச் சற்று சோதித்துப் பார்க்கலாம். இந்தி பேசுபவர் 'ஜப் வஹ் ஆயேகா' என்கிறார். 'ஆயேகா' எதிர்கால வினை. அவர் அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் 'வென் ஹி வில் கம்' என்பார். அங்கே தாய்மொழி மீது பழி போடலாம். பிரெஞ்சிலும் 'எப்போது' என்னும் சொல்லுக்குப் பின் எதிர்கால வடிவமே வரும்; புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவருக்கு இது தெரியும். ஜெர்மன் மொழியோ ஆங்கிலத்தைப் போல நிகழ்காலத்தை வைக்கிறது. ஆகவே இதில் உலகப் பொதுவான தர்க்கம் எதுவும் இல்லை. ஒவ்வொரு மொழிக்கும் ஒரு வழி. தமிழின் வழி என்ன? 'அவர் வந்ததும் சொல்கிறேன்', 'வந்த பிறகு சொல்கிறேன்', 'வந்தால் சொல்கிறேன்'. எல்லாவற்றிலும் இறந்தகால வடிவம். தமிழை வரிக்கு வரி மாற்றுகிறவர் செய்ய வேண்டிய பிழை 'ஆஃப்டர் ஹி கேம், ஐ வில் டெல்' என்பது. அதையும் சிலர் செய்கிறார்கள். அது உண்மையாகவே தமிழிலிருந்து வந்த பிழை. ஆனால் 'வென் ஹி வில் கம்' என்பதற்கு வேறு பிறப்பிடங்கள் உண்டு. ஒன்று, 'வென்' என்ற சொல்லை நாம் முதலில் கேள்விச் சொல்லாகக் கற்கிறோம்: 'வென் வில் ஹி கம்?' அந்த ஜோடி மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. இன்னொன்று, 'வரும்' என்றாலே 'வில் கம்' என்று எழுதிப் பழகிய வாய்ப்பாடு. 'வரும்போது' என்பதைக் கண்டதும் கை தானாக 'வில்' போடுகிறது. தமிழ் செய்த குற்றம் அல்ல இது. தமிழை அரைகுறையாகப் பார்த்ததால் வந்த வினை.

அந்த வாய்ப்பாட்டின் அடியில் ஒரு பெரிய மயக்கம் இருக்கிறது. காலம் மூன்று, ஆகவே வினை வடிவமும் மூன்று, ஒவ்வொரு வடிவமும் தன் காலத்தை மட்டுமே காட்டும் என்று நம்புகிறோம். காலம் மூன்று என்பதில் தொல்காப்பியம் முதல் யாருக்கும் ஐயமில்லை. வடிவங்கள்தான் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. பழைய ஆங்கிலத்தில் எதிர்காலத்துக்கென்று தனி வினை வடிவமே கிடையாது. நடந்து முடிந்ததற்கு ஒன்று, மற்றதற்கெல்லாம் இன்னொன்று. நிகழ்கால வடிவமே நாளைக்கும் போதுமானதாக இருந்தது. 'வில்' அப்போது விருப்பத்தையும் 'ஷல்' கடமையையும் சொன்ன வினைகள். பிற்பாடுதான் எதிர்காலப் பணியில் அமர்ந்தன. பழந்தமிழும் ஏறக்குறைய அதே கதைதான். இன்று நிகழ்காலம் காட்டும் கிறு, கின்று இடைநிலைகள் சங்க நூல்களில் மிக அரிது. இறந்ததற்கு ஒரு வடிவம், இறவாததற்கு ஒரு வடிவம் என்ற ஏற்பாடே பெரிதும் நடந்தது. ஆங்கிலம் தனி எதிர்காலம் இல்லாமல் வாழ்ந்தது, தமிழ் தனி நிகழ்காலம் இல்லாமல் வாழ்ந்தது. இரண்டிலும் பேச்சு தடைபடவில்லை. இன்றைய பேச்சுத் தமிழையே கேளுங்கள். வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் 'போயிட்டு வர்றேன்' என்கிறார். திரும்பி வருவது சாயங்காலம், வடிவம் நிகழ்காலம். 'நாளைக்கு சமயபுரம் போறோம்' என்பதும் அப்படியே. 'சின்ன வயசுல தினமும் காவிரிக்குக் குளிக்கப் போவான்' என்பதில் எதிர்கால வடிவம் பழைய வழக்கத்தைச் சொல்கிறது. சட்டையை மாட்டிக்கொண்டே 'இதோ வந்துட்டேன்' என்பவரும் உண்டு. காலம் இப்படி மாறி வருவதை இலக்கணப் பிழையாகத் தள்ளாமல், விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் அது ஏற்கத்தக்கது என்று 13-ஆம் நூற்றாண்டு நன்னூல் அமைதி சொல்கிறது. எதிர்காலச் செய்திக்கு நிகழ்கால வடிவம் என்பது தமிழருக்கு அந்நியமான வித்தை அல்ல.

இனி மையமான செய்திக்கு வருவோம். தமிழ் வாக்கியத்தில் எத்தனை செயல்கள் வந்தாலும், பொதுவாகக் கடைசியில் நிற்கும் ஒரு வினைதான் முற்று. மற்றவை எல்லாம் எச்சம். 'பஸ்ஸை விட்டு இறங்கி, ரோட்டைத் தாண்டி, டீ குடித்துவிட்டு வருவேன்' என்பதில் இறங்கி, தாண்டி, குடித்துவிட்டு மூன்றும் எச்சங்கள். அவை நேற்றா, நாளையா என்பதைத் தாமாகச் சொல்லமாட்டா. 'வருவேன்' என்ற முற்றுதான் எல்லாவற்றுக்கும் சேர்த்து எதிர்காலம் என்று முத்திரை குத்துகிறது. 'வந்ததும்', 'வந்த பிறகு' என்பவற்றில் உள்ள இறந்தகாலம்கூட நேற்றைக் குறிப்பதில்லை. அந்தச் செயல் மற்றதற்கு முன்பே முடிந்திருக்கும் என்று வரிசையை மட்டும் குறிக்கிறது. 'வரும்போது' இரண்டும் ஒரே நேரத்தில் என்கிறது, 'வருவதற்கு முன்' வருகை பிந்தியது என்கிறது, 'வரும் வரை' எல்லையைக் காட்டுகிறது. ஆக, தமிழில் வேலைப் பிரிவினை தெளிவு: காலத்தைச் சொல்வது முற்றின் வேலை, வரிசையைச் சொல்வது எச்சத்தின் வேலை. ஆங்கிலமும் செய்வது இதையேதான். ஆனால் 'வென்'னுக்குப் பின்னால் வைக்க அதனிடம் 'வந்ததும்' போன்ற எச்ச வடிவம் இல்லை. எழுவாயோடு சேர்ந்த முழு வினை ஒன்றை வைத்தாக வேண்டியிருக்கிறது. அதற்குக் கையில் இருப்பதிலேயே மிக எளிய வடிவமான நிகழ்காலத்தை எடுத்துக்கொள்கிறது. 'வென் ஹி கம்ஸ்' என்பதில் 'கம்ஸ்' தோற்றத்தில் முற்று, வேலையில் எச்சம். எச்சத்தின் வேலையைச் செய்யும் வினைக்கு எதிர்கால முத்திரை தேவையில்லை; அது மறுபாதியில் ஏற்கெனவே இருக்கிறது.

'வில்' என்ன செய்கிறது என்று பார்த்தால் இது இன்னும் உறுதிப்படும். 'ஹி வில் கம்' என்பவர் ஒன்றை அடித்துச் சொல்கிறார்: அவர் வருவார், இது என் கூற்று. கேட்பவர் மறுக்கலாம், சந்தேகப்படலாம். 'வென் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்' என்பவர் அவர் வருவாரா என்று வாதாடவில்லை. வருவார் என்பதை எடுத்துக்கொண்டு, அதை ஒரு நேரக் குறியாக நட்டுவிட்டு, 'நான் சொல்வேன்' என்பதையே கூற்றாக வைக்கிறார். கூற்று இருக்கும் இடத்தில் 'வில்'. குறி மட்டும் இருக்கும் இடத்தில் வெறும் நிகழ்காலம். இந்த விளக்கம் சரியா என்பதற்குச் சாட்சி, 'வென்'னுக்குப் பின்னாலும் 'வில்' சரியாக வரும் வாக்கியங்கள். 'ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்' என்பது முழுக்கச் சரியான ஆங்கிலம். விதியை வெறுமனே மனப்பாடம் செய்தவர் இதில்தான் சறுக்குகிறார். 'வென் வந்தால் வில் கூடாது' என்று இங்கேயும் வெட்டிவிடுகிறார். தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'அவர் எப்போது வருவார் என்று தெரியவில்லை'. 'வருவார்' முற்று; எச்சம் அல்ல. ஏனென்றால் வருகை இங்கே குறியாக இல்லை, கேள்விக்குரிய பொருளாக இருக்கிறது. 'பிகாஸ்' என்ற சொல்லுக்குப் பின் 'வில்' தயக்கமில்லாமல் வருவதற்கும் இதுவே காரணம். 'அவர் வருவார் என்பதால் வீட்டில் இருக்கிறேன்' என்பதிலும் 'வருவார்' முற்றாகவே நிற்கிறது. காரணம் சொல்பவர் அந்தக் காரணத்தை உண்மை என்று கூறியாக வேண்டும் அல்லவா? ஆங்கிலத்தில் 'வில்' தங்கும் இந்த இடங்களில் தமிழில் முற்று தங்குகிறது. ஆங்கிலத்தில் 'வில்' விலகும் நேர வாக்கியங்களில் தமிழில் எச்சம் வருகிறது.

தமிழ் எச்சங்களைக் கவனிப்பதால் இன்னொரு பயனும் உண்டு. ஆங்கிலத்தில் 'வில்' விலகிய இடத்தில் எந்த நிகழ்கால வடிவம் உட்கார வேண்டும் என்பதையும் அவை காட்டிக்கொடுக்கும். 'வேலையை முடித்த பிறகு வருகிறேன்' என்பதில் 'முடித்த' என்ற இறந்தகால எச்சம், செயல் முழுவதும் முடிந்திருக்க வேண்டும் என்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு ஈடு 'ஆஃப்டர் ஐ ஹேவ் ஃபினிஷ்ட் த வொர்க்'. இங்கே 'ஃபினிஷ்ட்' என்று வெறும் இறந்தகாலம் போட்டால், முன்பு பார்த்த தமிழ்ப் பிழை வந்து உட்காரும். 'ஹேவ்' என்ற சொல்தான் அதைக் காப்பாற்றுகிறது. 'வேலை செய்துகொண்டிருக்கும்போது கூப்பிடாதீர்கள்' என்பதற்கு 'வைல் ஐ ஆம் வொர்க்கிங்' பொருந்தும். திருச்சி ஜங்ஷனிலிருந்து கரூர், ஈரோடு பக்கம் போகும் ரயில் முதலில் பாலக்கரை ஸ்டேஷனையும் அடுத்துக் கோட்டை ஸ்டேஷனையும் கடக்கிறது. 'ரயில் பாலக்கரையைத் தாண்டியதும் போன் பண்றேன்' என்பதற்கு 'ஆஸ் சூன் ஆஸ் த டிரெயின் கிராஸஸ் பாலக்கரை' போதும். தாண்டுவது நொடிப்பொழுதில் முடிந்துவிடும் செயல். இந்த நுணுக்கம் அலங்காரம் அல்ல. வேலைக்காக சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ திருச்சி விமான நிலையத்தில் விமானம் ஏறுகிறவர் கையில் ஓர் ஒப்பந்தம் இருக்கும். பயிற்சிக் காலத்தை முடித்த பிறகு சலுகை என்பதற்கும் பயிற்சிக் காலத்தின்போதே சலுகை என்பதற்கும் இடையே சம்பளத்தையே பாதிக்கும் வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் அந்த வேறுபாட்டைச் சுமப்பது 'ஹேவ்', 'வைல்' போன்ற சின்னச் சொற்களே.

இதற்கு எழக்கூடிய முதல் மறுப்பு இலக்கணம் தெரிந்தவரிடமிருந்து வரும். 'நாளை வரும் விருந்தினர்' என்பதில் 'வரும்' எச்சம்தானே? ஆனால் ஆங்கிலத்தில் 'த கெஸ்ட் ஹூ வில் கம் டுமாரோ' என்கிறோமே? நியாயமான கேள்வி. அங்கே 'வரும்' என்பது விருந்தினர் யார் என்று அடையாளம் காட்டுகிறது. இன்னொரு செயலின் நேரத்தைக் காட்டவில்லை. ஆகவே எச்சம் கண்ட இடமெல்லாம் 'வில்'லை நீக்கு என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு செயல் எப்போது நடக்கும், எந்த நிபந்தனையில் நடக்கும் என்று சொல்லும் பகுதிக்கு மட்டுமே இந்த அளவுகோல். இன்னொருவர், 'இஃப் யூ வில் வெயிட் ஹியர்' என்று ஆங்கிலேயரே சொல்கிறார்களே என்பார். சொல்கிறார்கள். அங்கே 'வில்' எதிர்காலத்தைக் காட்டவில்லை. தன் பழைய பொருளான விருப்பத்தைக் காட்டுகிறது. 'தயவுசெய்து இங்கே காத்திருக்கச் சம்மதித்தால்' என்ற பணிவு அது. விதியை இந்த வாக்கியம் உடைக்கவில்லை. நேரத்தைச் சொல்லும் 'வில்'லுக்கு இடமில்லாததால்தான் விருப்பத்தைச் சொல்லும் 'வில்' அங்கே தனியாகத் தெரிகிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. 'வென் ஹி வில் கம்' என்றால் யாருக்காவது புரியாமல் போகிறதா? இந்தியர்கள் கோடிக்கணக்கில் ஆங்கிலம் பேசுகிறோம். நமக்கென்று ஓர் ஆங்கிலம் இருக்கக் கூடாதா? விதி என்ன கல்வெட்டா? இதில் பாதி உண்மை. 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்திலும் பழைய சட்ட வாசகங்களிலும் நேரம் சொல்லும் பகுதிகளில் 'ஷல்' தாராளமாக வருவதைக் காணலாம். அதாவது ஒரு காலத்தில் ஆங்கிலமே அந்த இடத்தில் துணைவினையை அனுமதித்தது, பின்னர் உதிர்த்துவிட்டது. வழக்கு மாறும் என்பதற்கு அதுவே சான்று. பேச்சில் இந்தப் பிழை செய்கிறவரைப் பார்த்துச் சிரிப்பது அற்பத்தனம் என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இன்றைய எழுத்து ஆங்கிலத்தில், நம் நாட்டுப் பாடநூல்கள் உட்பட, ஏற்கப்பட்ட வடிவம் 'வில்' இல்லாததுதான். வங்கித் தேர்வின் பிழை கண்டறியும் பகுதியிலும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கேட்கும் மொழித் தேர்விலும், வேலைக்கான கடிதத்திலும் அதுவே அளவு. ஆங்கிலம் வீட்டுமொழியாக இல்லாத குடும்பத்துப் பிள்ளையிடம் 'இது நம்ம இங்கிலீஷ், விடு' என்று சொல்வது தாராளம்போலத் தெரியும். அதன் விலையைக் கொடுப்பது அந்தப் பிள்ளை, சொன்னவர் அல்ல.

மூன்றாவது மறுப்பு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் அடிக்கடி கேட்பது: ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே யோசி, தமிழை உள்ளே விடாதே. நிறைய கேட்டு, நிறைய பேசித்தான் சரளம் வரும் என்பது உண்மை; இலக்கண விளக்கம் அதற்கு மாற்று அல்ல. ஆனால் வகுப்பில் தமிழைத் தடுத்தால் மாணவர் தலைக்குள் தமிழ் நின்றுவிடுமா? 'வரும்' என்றால் 'வில் கம்' என்ற வாய்ப்பாடு அங்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத் திருத்தத் தமிழ் இலக்கணத்தைவிடக் கூர்மையான கருவி இல்லை. தெரிந்த மொழியின் வழியே தெரியாத மொழிக்குப் போவது இந்த வட்டாரத்துக்குப் பழைய பழக்கமும்கூட. கொள்ளிடக் கரையை ஒட்டிய ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவர், மக்கள் பேசும் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். அது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது. தமிழ் கற்க வந்த ஐரோப்பியப் பாதிரிகளுக்காக எழுதிய அந்த நூல் லத்தீனில் இருந்தது. 'தமிழைத் தமிழிலேயே யோசி' என்று அவர் அவர்களை நடுத்தெருவில் விடவில்லை. அவர்கள் ஏற்கெனவே அறிந்த மொழியில் நின்றுகொண்டு தமிழைக் காட்டினார். ஐரோப்பியருக்குத் தமிழ் கற்க லத்தீன் உதவலாம் என்றால், தமிழருக்கு ஆங்கிலம் கற்கத் தமிழ் உதவுவதில் என்ன தடை?

ஆகவே நடைமுறைக்கு ஒரே ஒரு சோதனை போதும். ஆங்கில வாக்கியத்தில் நேரமோ நிபந்தனையோ சொல்லும் பகுதியைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். வந்ததும், வந்த பிறகு, வரும்போது, வரும் வரை, வருவதற்கு முன், வந்தால் என்று எச்சமாக வந்தால் அங்கே 'வில்' வேண்டாம். 'எப்போது வருவார் என்று' என்பதுபோல முற்று வந்தால் 'வில்' இருக்கட்டும். முற்றும் எச்சமும் நம் பிள்ளைகள் பள்ளித் தமிழ்ப் பாடத்தில் ஏற்கெனவே படிப்பவை. பரீட்சை எழுதியதோடு மறந்தும் விடுகிறார்கள். தமிழாசிரியர் கற்றுக்கொடுத்ததை அடுத்த பீரியடில் ஆங்கில ஆசிரியர் கையில் எடுத்துக்கொண்டால், விதி ஒன்றை மனப்பாடம் செய்யும் பாரம் குறையும். இரண்டு பாடங்களுக்கும் உயிர் வரும். இதற்குப் புதிய நூலோ கருவியோ செலவோ வேண்டாம். ஒரே பள்ளியில், ஒரே ஸ்டாஃப் ரூமில் உட்காரும் இரண்டு ஆசிரியர்கள் ஒருவரோடு ஒருவர் பேசினால் போதும். பேசுங்கள்.